வெட்டியவர் பெயர் இல்லாத புகார்

அனுப்புநர்:
செ. பொன்செல்வி, சத்துணவு அமைப்பாளர்,
க/பெ. செந்தூர்பாண்டி,
அம்மன் கோவில் தெரு, மேலக்கரைக் குடியிருப்பு,
சீவலப்பேரி வழி, திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: கோவில் கொடையின்போது வெட்டுப்பட்ட எங்கள் வீட்டு இணையக் கேபிளை, வெட்டியவர் பெயரைக் கேட்டு நிறுத்தி வைக்காமல், பள்ளி திறக்கும் முன் இணைத்துத் தர உத்தரவிட வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. இணைய நிறுவனத்தில் நான் பதிந்த புகாரும், "விவரம் தரப்படாததால் முடித்து வைக்கப்பட்டது" என்று வந்த குறுஞ்செய்தியும்.
2. வட்டாட்சியர் அலுவலகத்தில் நான் கொடுத்த முந்தைய மனுவுக்கு, "பொழுதுபோக்குச் சேவை, அவசரத் தன்மை இல்லை" என்று வந்த பதில்.

பெருமதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். மாதாமாதம் அரிசி இருப்பும் முட்டைக் கணக்கும் எழுதி அனுப்பிப் பழகிய கை இது. சொந்த வீட்டுக்காகத் தங்களைப் போன்ற ஒரு பெரிய அதிகாரிக்கு எழுதுவது இதுவே முதல் தடவை. முறை எங்காவது தவறியிருந்தாலும் கடைசி வரி வரை வாசித்துவிட்டு முடிவெடுக்கும்படி முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

1. நான் மேற்கண்ட முகவரியில் குடியிருக்கிறேன். பக்கத்து ஊர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்க்கிறேன். காலையில் டவுன் பஸ்ஸில் போனால், பிள்ளைகள் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைத்து, பதிவேடு எழுதி முடித்துத் திரும்பப் பிற்பகல் ஆகிவிடும். அதுவரை என் கணவர் வீட்டில் தனியாக இருப்பார். இருந்தார் என்று எழுத வேண்டும். இனி அப்படி விட்டுவிட்டுப் போக முடியாது என்பதால்தான் இந்த மனு.

2. என் கணவர் கதிர் அறுக்கும் இயந்திரம் ஓட்டியவர். பிசான நெல் அறுவடை நேரத்தில் இயந்திரம் வரப்பில் ஏறிச் சரிந்ததில் கீழே விழுந்து கழுத்து எலும்பு முறிந்தது. உயிர் பிழைத்தார். கழுத்துக்குக் கீழே அசைவு இல்லை. வலது தோளை மட்டும் கொஞ்சம் தூக்குவார். பேச்சு மட்டும் பழையபடியே இருக்கிறது. இயந்திர இரைச்சலை மீறிப் பேசிப் பழகிய தொண்டை என்பதால், அவர் மெதுவாகப் பேசினாலே அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அவருடைய அரசியல் கருத்துகள் எங்கள் தெரு முழுவதும் தெரியும்.

3. தங்கள் கவனத்துக்கு ஒன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும். இப்படி அடிபட்டவர்களுக்குக் கழுத்துக்குக் கீழே வியர்க்காது. வியர்க்காத உடம்பில் சூடு ஏறினால் இறங்காது. காற்றாடி இல்லாமல் கோடையில் அடைத்த அறையில் விட்டுவிடக் கூடாது, அது உயிருக்கு ஆபத்து என்று ஆசுபத்திரியிலிருந்து அனுப்பும்போதே டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். திருநெல்வேலி சித்திரை வெயிலைப் பற்றித் தங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை.

4. எங்கள் மகள் நித்யா கோயம்புத்தூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்ததும், அப்பா வாயால் சொன்னாலே வீட்டுப் பொருள்கள் வேலை செய்யும்படி ஏற்பாடு செய்யலாம் என்றாள். முதலில் எது வேண்டும், லைட்டா, ஃபேனா, டிவியா என்று போனில் கேட்டாள். அவர் மூன்றையும் கேட்கவில்லை. "நம்ம வீட்டுக்கு வாரவங்களுக்கு நாந்தான் கதவு தொறக்கணும். மத்ததெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம்" என்றார். அடிபட்ட பிறகு அவர் தனக்காக ஏதாவது கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு நான் அடுப்படிக்குள் போய் அழுதேன்.

5. மேலப்பாளையத்தில் மின்னணுச் சாமான் கடை வைத்திருக்கும் திரு. காஜா முகைதீன் அவர்கள் வந்து எல்லாவற்றையும் பொருத்தித் தந்தார். தலைமாட்டில் ஒரு குரல் பெட்டி. லைட்டுக்கும் ஃபேனுக்கும் ஸ்மார்ட் பிளக். வாசற்கதவுக்கு மின்பூட்டு. வாசலுக்கு வெளியே ஒரு சின்ன கேமரா, வந்திருப்பது யார் என்று படுத்தபடியே பார்க்க ஒரு திரை. அறைக்குள்ளும் ஒரு கேமரா வைத்தால் கோயம்புத்தூரிலிருந்தே பார்க்கலாம் என்று மகள் சொன்னதற்கு என் கணவர் சம்மதிக்கவில்லை. படுத்துக் கிடப்பதை யாரும் படம் பிடித்துப் பார்க்க வேண்டாம் என்றார். அவர் சொன்னதே சரி என்று காஜா முகைதீன் அண்ணாச்சியும் சொன்னார். கேமரா வாசலைப் பார்க்கலாம், படுக்கையைப் பார்க்கக் கூடாது என்பது அவர் கணக்கு.

6. இணைய நிறுவனத்தார் மோடத்தை டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோவை ஒட்டி மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். வயர் அங்கேதான் எட்டியதாம். அண்ணாச்சி அதைக் கழற்றி நடுவீட்டில் உயரத்தில், மறைப்பில்லாத இடத்தில் வைத்தார். இரும்பும் கண்ணாடியும் வைஃபையை மறிக்கும் என்பதும், மோடத்தில் உள்ள இரண்டு அலைவரிசையில் மெதுவானதுதான் சுவர் தாண்டித் தூரம் போகும், ஸ்மார்ட் பிளக் அதைத்தான் பிடிக்கும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. அதுவரை ஃபேன் சொல் கேட்காதபோதெல்லாம் நாங்கள் ஃபேனைத் திட்டிக்கொண்டிருந்தோம். கரண்ட் போனாலும் மோடமும் குரல் பெட்டியும் அணையாமல் இருக்க ஒரு சின்ன பேட்டரியும் வைத்தார். கரண்ட் இல்லாத நேரத்தில்தான் என் கணவருக்கு என்னைக் கூப்பிடும் தேவை அதிகம். பெட்டியிடம் சொன்னால் அது என் போனுக்கு அழைக்கும்.

7. தொடக்கத்தில் ஒரு சிறு தொந்தரவு ஏற்பட்டது. தெருப் பிள்ளைகள் கதவு திறக்கும் சொல்லைக் கேட்டு வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கத்தி, எங்கள் வாசலைத் திறந்து விளையாடினார்கள். ஒரு நாள் ஆட்டுக்குட்டி ஒன்று உள்ளே வந்து என் கணவருடைய போர்வையில் பாதியை மென்றுவிட்டது. ஆகவே சொல்லை மாற்றினோம். வைஃபை பாஸ்வேர்டையும், என் போன் நம்பராக இருந்ததை மாற்றினோம். கதவுச் சொல் என்னவென்று எனக்கும் என் கணவருக்கும் மட்டும்தான் தெரியும். பாதுகாப்புக் கருதி அதை இம்மனுவில் குறிப்பிடவில்லை.

8. பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. நான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து வாசலில் நின்று, "நாந்தான்" என்பேன். திரையில் அவருக்கு என் முகம் தெரியும் என்றாலும் சொல்லுவேன். "வா, வா, தொறக்கேன்" என்று சத்தம் கொடுத்துவிட்டு அந்தச் சொல்லைப் பெட்டிக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுப்பார். பூட்டு டக்கென்று விலகும். சாவி கொண்டு போவதை நான் விட்டுவிட்டேன். மறதியால் அல்ல. கையில் சாவி இருந்தால் நானே திறந்துகொள்வேன் என்று அவர் நினைத்துவிடக் கூடாது என்பதால்தான். கல்யாணம் ஆன புதிதில்கூட என்னை அப்படி ஒருவர் வாசலில் வரவேற்றதில்லை.

9. இனி நடந்தது. சித்திரை மாதம் எங்கள் ஊர் அம்மன் கோவில் கொடைத் திருவிழா. சப்பரம் தெருவில் வரும்போது மின்வாரியத்துக்குச் சொல்லிக் கரண்டை நிறுத்துவது வழக்கம். சப்பரத்துக்கு முன்னால் ஒருவர் தொரட்டிக் கம்புடன் நடப்பார். சப்பரம் முட்டும் வயரைத் தூக்கிப் பிடிப்பதும், தூக்க முடியாத மரக் கொப்பை அறுத்துவிடுவதும் அவர் வேலை. அது ஒரு குடும்பத்துக்கு வழிவழியாக வரும் உரிமை. இந்த ஆண்டு சப்பரத்துக்குப் புதிதாக விளக்கு மகுடம் வைத்திருந்ததால் உயரம் கூடிவிட்டது.

10. எங்கள் தெருவின் குறுக்கே கறுப்பு வயர் நான்கு போகும். மூன்று பழைய கேபிள் டிவி வயர்கள். வீட்டுக்கு வீடு டிஷ் வந்த பிறகு அவற்றுக்கு உயிர் இல்லை. கழற்ற ஆளில்லாமல் கிடக்கின்றன. நான்காவது எங்கள் இணையம் வரும் கண்ணாடி இழைக் கேபிள். நான்குக்கும் ஒரே நிறம், ஒரே பருமன். எது உயிருள்ளது என்று ஒரு சீட்டோ அடையாளமோ கிடையாது. கரண்ட் வயரைத் தொட்டால் அடிக்கும் என்று எல்லோருக்கும் பயம் உண்டு. இந்த வயர் தொட்டாலும் அடிக்காது, வெட்டினாலும் பொறி பறக்காது. ஆகவே சாமி வரும் வழியில் தொங்குகிற செத்த வயர் என்று நினைத்து, தொரட்டி பிடித்த நபர் நான்கையும் சேர்த்து ஒரே இழுப்பில் அறுத்துவிட்டார்.

11. அந்த நேரம் நான் தேங்காய் பழத் தட்டுடன் தெருமுனையில் நின்றிருந்தேன். கதவை இழுத்துச் சாத்திவிட்டு வந்திருந்தேன். சாத்தினால் அது தானாகப் பூட்டிக்கொள்ளும். சாவி உள்ளே ஆணியில் தொங்கியது. சாமியைக் கும்பிட்டதும் வந்துவிட நினைத்தவள், கோவில் வரைக்கும் கூடவே நடந்துவிட்டேன். ஏதாவது ஒன்று என்றால் அவர் கூப்பிடுவார் என்ற தைரியம். போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அழைப்பு வரவில்லை. வராததை நான் நல்லதாக எடுத்துக்கொண்டேன்.

12. அதே நேரம் வீட்டுக்குள் அவர் என்னை அழைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இணையம் இல்லை என்று பெட்டி திரும்பத் திரும்பப் பதில் சொல்லியிருக்கிறது. சப்பரம் போனதும் கரண்ட் வந்துவிட்டது. லைட் எரிந்தால்தானே தெரியும். அதுவும் ஸ்மார்ட் பிளக்கில் இருந்தது. ஃபேனும் அப்படியே. கரண்ட் போய் வந்தால் பிளக் அணைந்த நிலையிலேயே நிற்கும், யாராவது சொன்னால்தான் ஓடும் என்று அதில் வைத்திருந்தது. சொல்லச் சொல்ல அதற்குக் கேட்கவில்லை. அவருடைய பெரிய தொண்டையும் அன்று உதவவில்லை. மேளமும் வேட்டும் ஊரையே மூடியிருந்தன.

13. நான் வாசலில் வந்து நின்று, "நாந்தான்" என்றேன். வழக்கமான சத்தம் வரவில்லை. ஜன்னல் பக்கம் ஓடிப் பார்த்தேன். முகம் செக்கச் சிவந்து, உதடு காய்ந்து, கண் பாதி மூடியிருந்தது. அந்த நிலையிலும் கதவுச் சொல்லை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். ஜன்னல் கம்பிக்குள் கை விட்டும் கட்டில் எட்டவில்லை. எவ்வளவு சத்தம் போட்டேன் என்று எனக்குத் தெரியாது. கோவிலிலிருந்து ஆட்கள் வந்தார்கள் என்றால் மேளத்தை மீறிக் கேட்டிருக்கிறது.

14. முதலில் ஓடி வந்தவர் கடப்பாரையால் கதவு நிலையைப் பெயர்த்து உள்ளே போனார். என் கணவரைத் தூக்கி வந்து, நனைத்த வேட்டியைப் போர்த்தி, விசிறி, சூடு தணிய வைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை தலையை மடியில் வைத்திருந்தார். ஆசுபத்திரியில், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார்கள். கடப்பாரை பிடித்தவரும் தொரட்டி பிடித்தவரும் ஒருவரே.

15. மறுநாள் காஜா முகைதீன் அண்ணாச்சி வந்து வயரைப் பார்த்துவிட்டு, இதில் ஒன்று உயிருள்ள வயர் என்று காட்டியபோதுதான் எங்கள் யாருக்கும் காரணம் விளங்கியது. மேற்படி நபரும் அங்கே நின்றிருந்தார். அறுந்த நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, "மதினி, நாந்தான் வெட்டுனேன். செத்த வயருன்னுல்லா நெனச்சேன்" என்றார். (என்னை மதினி என்று அழைக்கும் முறையுள்ளவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். ஆகவே இதை வைத்து யாரையும் அடையாளம் காண முடியாது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.)

16. இணைய நிறுவனத்தில் புகார் பதிந்தேன். அவர்களுடைய பணியாளர் வந்து பார்த்தார். கேபிள் நுனி வழுவழுவென்று இருந்ததால், "ஆயுதத்தால் வெட்டப்பட்டது" என்று எழுதிக்கொண்டு போனார். அதன்பின் அவர்கள் சொல்வது இதுதான்: காற்று மழையில் அறுந்திருந்தால் உடனே மாற்றுவார்களாம்; ஆள் வெட்டியிருந்தால், வெட்டியவர் பெயரோடு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் நகலைத் தந்தால்தான் தலைமை அலுவலகத்திலிருந்து புதிய கேபிள் வருமாம். தொலைபேசியில் பேசிய பெண் ஒவ்வொரு முறையும் அன்பாகத்தான் பேசினார். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கேட்டார்.

17. வந்த பணியாளர் இரக்கப்பட்டு, "எலி கடிச்சிட்டுன்னு எழுதிக் குடுத்துருங்கக்கா, ரெண்டு நாள்ல மாத்திருவாங்க" என்று வழி சொல்லிக் கொடுத்தார். தெருவுக்கு மேலே அந்தரத்தில் தொங்கும் வயரை எட்டிக் கடிக்கும் எலி எங்கள் பக்கம் இல்லை. அப்படி இருந்தால் அதற்கும் தனியாக ஒரு மனு எழுத வேண்டியிருக்கும். அவருடைய நல்ல மனதுக்கு நன்றி. நான் பொய் எழுதிக் கொடுக்கவில்லை.

18. காவல் நிலையத்துக்கும் போனேன். அங்கிருந்த ஏட்டு உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, முழுவதையும் கேட்டார். "பேரு இல்லாம எழுதுனா நான் யாரைப் போயிக் கூப்பிட, சொல்லுங்கம்மா?" என்றார். அவர் கேட்டது நியாயம். புகார் என்றால் ஒருவர்மேல்தான் இருக்க வேண்டும் போலிருக்கிறது. எழுந்து வந்துவிட்டேன்.

19. நான் ஏன் பெயர் தரவில்லை என்று தாங்கள் கேட்கலாம். வயலில் இயந்திரம் சரிந்த அன்று, கழுத்து ஆடிவிடாதபடி பலகையில் கிடத்தி, என் கணவரைச் சேற்றிலிருந்து ரோடு வரை தூக்கி வந்தவர்களில் மேற்படி நபர் முதல் ஆள். அன்று முதல் இன்று வரை என் கணவருக்கு முகம் வழித்துவிடுவதும் அவர்தான். படுக்கைப் புண் வராமல் புரட்டிவிட எனக்குத் தனியாகப் பலம் போதாத நாள்களில் கூப்பிடும் முன்னால் வந்து நிற்பவரும் அவர்தான். இப்போது வெளிநாட்டு வேலைக்காகக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார். காவல்துறை விசாரணை வர வேண்டிய நேரம் இது. இந்த நேரத்தில் அவர் பெயரில் ஒரு வழக்கு விழுந்தால் என்ன ஆகும் என்பதை என்னைவிடத் தாங்கள் அறிவீர்கள்.

20. இந்தப் பேச்சு நடப்பது தெரிந்ததும் மேற்படி நபர் வந்து, என் பேரை எழுதிக் கொடுத்துவிடுங்கள், அண்ணனுக்குக் கதவு கிடைத்தால் போதும் என்று பிடிவாதம் பிடித்தார். அவர் போன பிறகு என் கணவர் என்னைக் கூப்பிட்டார். "அவனக் காட்டிக் குடுத்துத்தான் நான் கதவு தொறக்கணும்னா, அப்படியொரு தொறப்பு எனக்கு வேண்டாம்ட்டி" என்றார். இருவரில் யார் சொல்லைக் கேட்பது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

21. காஜா முகைதீன் அண்ணாச்சி, இணையம் இல்லாமலே செய்யக்கூடியதை எல்லாம் செய்து கொடுத்துவிட்டார். கரண்ட் வந்ததும் ஃபேன் தானாக ஓடும்படி பிளக்கை மாற்றி வைத்தார். லைட்டையும் ஃபேனையும் சுவர் சுவிட்சிலும் போடும்படி செய்தார். சாவி ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கிறது. வலது தோளுக்குக் கீழே ஒரு பொத்தான் வைத்திருக்கிறார். அழுத்தினால் பக்கத்து வீட்டில் மணி அடிக்கும். அதற்கு வைஃபை வேண்டாம். அதே பொத்தானைக் கதவுக்கும் வைத்துவிடலாமே என்று நான் கேட்டேன். தோள் எப்போது அழுந்துகிறது என்பது என் கணவருக்கே சில சமயம் தெரிவதில்லை. மணி தவறி அடித்தால் பக்கத்து வீட்டார் வந்து எட்டிப் பார்ப்பார்கள். கதவு தவறித் திறந்தால் நாய்தான் வந்து பார்க்கும். செல்போன் வழியாக இணையம் எடுக்கும் கருவியையும் வைத்துப் பார்த்தோம். ஆற்றங்கரைப் பள்ளத்தில் இருப்பதால் எங்கள் வீட்டில் மொட்டை மாடியில்தான் இணையச் சிக்னல் கிடைக்கிறது; கருவியை அங்கே வைத்தால் வைஃபை கீழே கட்டில் வரை எட்டவில்லை. ஆகவே கேபிள் ஒன்றே வழி.

22. இந்நிலையில்தான், நான் முன்பு கொடுத்த மனுவுக்கு, இணையம் பொழுதுபோக்குச் சேவை என்று பதில் வந்தது. எழுதியவரை நான் குறை சொல்லவில்லை. அவர் வீட்டில் அது பொழுதுபோக்காக இருக்கலாம். எங்கள் வீட்டில் அது என் கணவருடைய கை. எங்கள் தெருவில் அதே கேபிளில் இணைப்பு வைத்திருந்த மற்றவர்கள் மாடியில் ஏறி நின்று படம் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்காக நான் எழுதவில்லை.

23. தச்சர் கதவு நிலையைச் சரிசெய்துவிட்டார். மின்பூட்டும் பழுதில்லை. ஆனால் பூட்ட எங்களுக்குப் பயமாக இருக்கிறது. பகலெல்லாம் வெறுமனே சாத்தி வைத்திருக்கிறோம். யார் வேண்டுமானாலும் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். மேற்படி நபர் தன் லோடு ஆட்டோவை ஓட்டாமல், நான் வெளியே போகும்போதெல்லாம் வாசலில் வந்து உட்கார்ந்து கொள்கிறார். எவ்வளவு நாளைக்கு ஒருவர் தன் பிழைப்பை விட்டுவிட்டு எங்கள் கதவாக இருக்க முடியும்? ஜூன் மாதம் பள்ளி திறந்துவிடும். பிள்ளைகளுக்குச் சோறு போட நான் போக வேண்டும்.

24. எல்லாவற்றிலும் எனக்குத் தாங்க முடியாதது வேறு. இப்போது கடைக்குப் போய்விட்டு நான் வாசலில் வந்து நின்றால், என் கணவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். நானே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறேன். பேச்சும் குறைந்துவிட்டது. தெருவுக்கே கேட்ட குரல், இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாலும் எனக்குச் சரியாகக் கேட்பதில்லை. இதை எந்தப் பதிவேட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து,

அ. வெட்டியவர் பெயரைக் கேட்காமல், எலியின் பெயரையும் கேட்காமல், நடந்தது தெரியாமல் நடந்தது என்று ஏற்றுக்கொண்டு, பள்ளி திறக்கும் முன் எங்கள் கேபிளை இணைத்துத் தரும்படி சம்பந்தப்பட்ட நிறுவனத்துக்கு உத்தரவிடவும்,

ஆ. என் கணவரைப் போல் படுக்கையில் இருப்பவர்கள் வீட்டு இணைப்பை, பொழுதுபோக்கு என்று ஒதுக்காமல் மருத்துவத் தேவையாகக் கருதும்படி செய்யவும்,

இ. கோவில் கொடைக்கு மின்வாரியத்துக்குச் சொல்வதுபோல் இணைய நிறுவனத்துக்கும் முன்கூட்டிச் சொல்லவும், தெருவில் தொங்கும் செத்த வயர்களைக் கழற்றவும், உயிருள்ளவற்றில் தூரத்திலிருந்தே தெரியும்படி சிவப்புச் சீட்டு மாட்டவும் ஏற்பாடு செய்யவும்,

ஈ. இப்படிப்பட்ட பொருள்களை வீட்டில் வைப்பவர்கள், சாவி ஒன்றை வெளியே கொடுத்து வைக்க வேண்டும், சுவர் சுவிட்சை எடுத்துவிடக் கூடாது, கரண்ட் போய் வந்தால் எது ஓடும் எது நிற்கும் என்று ஒரு தடவை மெயினை அணைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும், மோடத்தின் வயரைப் பிடுங்கிவிட்டு வீட்டில் எது சொல் கேட்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்பதைச் சாதாரணத் தமிழில் அச்சடித்து இ-சேவை மையங்களில் ஒட்டவும் வேண்டுகிறேன். பெட்டிக்குள் வரும் தாளில் இதெல்லாம் இருக்கிறதாம். அந்த எழுத்தை வாசிக்க எறும்புக்குத்தான் கண் போதும்.

மனுநீதி நாளில் நானே நேரில் வந்து நிற்க வேண்டியவள். கொடை நாளிலிருந்து என் கணவருக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் வருவதால் அவரை விட்டு நகர முடியவில்லை. ஆகவே எங்கள் உறவினர் ஒருவரிடம் இம்மனுவைக் கொடுத்து அனுப்புகிறேன். உறையை ஒட்டித்தான் கொடுத்திருக்கிறேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. நல்ல மனிதர். கேபிள் எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று கேளுங்கள், சரியாகச் சொல்லுவார். எங்கள் வீட்டுக்கு வழி கேளுங்கள், கூடவே வந்து காட்டுவார். யார் வெட்டியது என்று மட்டும் தயவுசெய்து அவரிடம் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் சொல்லிவிடுவார்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து வாசலில் நிற்கும்,

(ஒப்பம்)
செ. பொன்செல்வி

இடம்: மேலக்கரைக் குடியிருப்பு
நாள்: 26.05.2025